பச்சைப் பிள்ளை பாலைப் பீய்ச்சிக் கக்கினால்...



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். நம் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கி வந்தவருக்கு 45 வயது தாண்டியிருக்கும். "ஐயா, என்னைத் தெரியுதுங்களா? பத்தாம் நம்பர் லயத்துத் தண்டல் பேரனுங்க" என்றார். நமக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அவர் என்ன நினைத்தாரோ, வாசலிலேயே நின்று சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். வலது பக்கம், விலா எலும்புக்குக் கீழே, குறுக்காக ஒரு பழைய தழும்பு.

தழும்பைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துவிட்டது!

"இது எதுக்குப் போட்ட தையலுங்க? எங்க அம்மா இருந்த வரைக்கும் 'வயித்துல கட்டி, பினாங்குல கத்தி வச்சாங்க'ன்னு மட்டுந்தான் சொல்லும். அதுவும் போன வருசம் தவறிப்போச்சு. வேற யாரைக் கேக்குறது? அப்ப நீங்கதான் தோட்டத்துல சின்னக் கிராணியா இருந்தீங்க, அதான் வந்தேன்."

இவ்வளவு ஆண்டுகள் கழித்து அந்த நினைப்பு ஏன் வந்தது என்று கேட்டோம். அவர் மகளுக்குத் தலைப்பிரசவம், ஆண் குழந்தை, பிறந்து 24 நாள். மருமகன் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். குழந்தைக்கு ஒரு வாரமாய்ப் பால் நிற்கவில்லை. "குடிச்சு முடிச்ச கையோட பீய்ச்சி அடிக்குதுங்க. தாய் மடியில விழாம தரையில போய் விழுது. கக்கிட்டு மறுபடியும் பாலுக்குத்தான் அழுவுது. சம்பந்தி வீட்டுல மாந்தம்னு சொல்லி உரை மருந்து கொடுக்குறாங்க."

நமக்கு உள்ளங்கை சில்லிட்டுப் போனது. "உட்காராதே தம்பி, காப்பியெல்லாம் அப்புறம் குடிக்கலாம். இப்பவே போய் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. உனக்கும் சின்னப் பிள்ளையில் இதே நோய்தான்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லு" என்று அனுப்பிவைத்தோம். அப்படிப் பதறியதற்குக் காரணம் உண்டு. அந்தக் கதையில் நம் தவறும் ஒன்று இருக்கிறது.

1979-ஆம் ஆண்டு. கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டு, லயங்களையும் இடித்துப் பல காலம் ஆகிவிட்டது. அங்கே பால்மரம் வெட்டும் ஓர் இளம் தம்பதிக்கு மூத்த பிள்ளை பிறந்தான். ஏழு ராத்தல் எடை, கொழுகொழுவென்ற பையன். இரண்டு வாரம் நன்றாகப் பால் குடித்தான். மூன்றாவது வாரத்தில் கக்க ஆரம்பித்தான்.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை என்றால் பால் எதுக்கத்தானே செய்யும்! தோட்டத்து டிரெசர் வயிற்று மருந்து கலக்கிக் கொடுத்தார். தாய்ப்பால் சேரவில்லை என்று டின் பாலுக்கு மாற்றினார்கள். அதுவும் நிற்கவில்லை என்று வேறு டின். பட்டணத்துக் கிளினிக்கில் ஒரு சீசா மருந்து. பக்கத்துத் தோட்டத்துக் கிழவி ஒருத்தி வந்து தொக்கம் எடுத்தாள். விபூதி போட்டார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஓமத் தண்ணீர் கொடுக்கச் சொன்னது நாம்தான். படித்த கிராணி சொன்னால் சரியாகத்தானே இருக்கும் என்று அதையும் கொடுத்தார்கள்.

பிள்ளையின் பாட்டி மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "எனக்கும் தலைச்சன் ஆம்பளப் பிள்ளதான். இப்பிடித்தான் கக்கிக் கக்கி, ஒன்றரை மாசத்துல குச்சியாட்டம் காஞ்சு போயிட்டான். மாந்தம்னுதான் சொன்னாங்க" என்றாள். புலம்பல் என்று நினைத்தோம். எங்கள் எல்லார் பேச்சையும் விட அந்தப் பேச்சில்தான் விஷயம் இருந்தது என்று அன்று யாருக்குத் தெரியும்?

38-ஆம் நாள், பிரசவம் பார்த்த கம்போங் பீடான் பிள்ளையைப் பார்க்க வந்தாள். துணியை விலக்கி வயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இனி பூக்கான் சாக்கிட் பியாசா" என்றாள். இது சாதாரண நோய் இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று அர்த்தம். தகப்பன் ஓடிவந்து நம்மிடம் லோரி கேட்டான். அன்று சம்பள நாள். லோரி பேங்குக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தது, டிரைவர் களைத்துப்போயிருந்தான். "ராத்திரியில் எதற்கு, நாளைக் காலையில் போகலாம்" என்று சொன்னோம். சொன்னது நாம்தான்.

மறுநாள் காலையில் லோரியில் ஏற்றும்போது பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை. உச்சிக்குழி உள்ளே விழுந்திருந்தது. கண் குழிந்து, நாக்கு காய்ந்து, முகம் எழுபது வயதுக் கிழவன் முகம் மாதிரி இருந்தது. முந்தின சாயங்காலத்திலிருந்து சிறுநீர் இல்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளின இடம் அப்படியே நின்றது. ஏழு ராத்தலில் பிறந்த பிள்ளை ஆறரைக்கு இறங்கியிருந்தது.

மாவட்ட ஆஸ்பத்திரியில் ஊசி குத்திக் குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றி, அங்கிருந்து ஆம்புலன்சில் பினாங்குக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தோம். தாயின் மடியில் பிள்ளையை வைத்து, கொஞ்சம் பால் குடிக்கவிட்டார். பால் உள்ளே போகப் போக வயிற்றின் மேல்பக்கம் தோலுக்கு அடியில் ஓர் அலை எழும்பியது. இடமிருந்து வலமாக, பந்து உருண்டு போகிற மாதிரி. பீடான் பார்த்ததும் இதைத்தான் போலிருக்கிறது. டாக்டர் விரல் நுனியால் வயிற்றை மெல்ல அழுத்தித் தடவிக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நிறுத்தினார். ஈரலுக்குக் கீழே, தொப்புளுக்குச் சற்று மேலே வலப்பக்கம். "இதோ இருக்கிறது" என்றார். ரப்பர்க் கொட்டையை விடச் சின்னதாக, கெட்டியாக, விரலுக்கு அடியில் நழுவும் ஓர் உருண்டை. அந்த விநாடியே பிள்ளை கக்கியது. டாக்டரின் வெள்ளைக் கோட்டு முழுக்கப் பால்!

பிறகு அவர் பாட்டியைப் பார்த்து, "குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா?" என்று கேட்டார். பாட்டி சொன்னாள். டாக்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.

இந்த நோய்க்கு 'பைலோரிக் ஸ்டினோசிஸ்' என்று பெயர். நாம் குடிப்பதும் சாப்பிடுவதும் இரைப்பையில் தங்கி, அதன் கீழ்வாய் வழியாகக் குடலுக்கு இறங்குகிறது. அந்தக் கீழ்வாயைச் சுற்றி வளையமாகத் தசை இருக்கிறது. சில குழந்தைகளுக்குப் பிறந்த பிறகு அந்தத் தசை தடித்துக்கொண்டே போய் வழியை இறுக்கிவிடுகிறது. கோணிச்சாக்கின் வாயைக் கயிறு போட்டு இறுக்கினால் எப்படியோ அப்படி. இரைப்பை முழு பலத்தோடு தள்ளிப் பார்க்கும். அதுதான் வெளியே தெரிகிற அலை. கீழே போக வழியில்லாத பால் வந்த வழியே வேகமாய்த் திரும்பி அடிக்கிறது. இரண்டு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் இது தலைகாட்டும். நாற்பது நாள் தீட்டுக்குள் பெரும்பாலும் வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தசை ஏன் தடிக்கிறது என்பதற்கு இன்றும் முழுப் பதில் இல்லை. ஆனால் சில விஷயங்கள் நன்றாகத் தெரியும். ஒரு பெண் குழந்தைக்கு வந்தால் நாலு ஆண் குழந்தைகளுக்கு வருகிறது. தலைப்பிள்ளைக்குக் கூடுதல். இரத்த உறவில் யாருக்காவது இருந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். தகப்பனுக்கு இருந்ததைவிடத் தாய்க்கு இருந்திருந்தால் அதிகம். வெள்ளைக்கார நாடுகளில் ஆயிரம் குழந்தைகளில் இரண்டிலிருந்து நாலு பேருக்கு வருகிறது. நம் ஆசிய இனத்தாரிடம் அதைவிடக் குறைவு. குறைவு என்று சந்தோஷப்படவும் முடியவில்லை. அபூர்வமாக வருவதால்தான் பார்க்கிறவர் கண்ணுக்குத் தட்டுப்படாமல் போகிறது. அன்றைய டிரெசரை நாம் குறை சொல்லத் தயாரில்லை; அவர் தம் வாழ்நாளில் இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்திருப்பாரோ என்னவோ.

எல்லாக் குழந்தையும் கக்கும், அதில் எதைக் கண்டு பயப்படுவது என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பால் குடித்த பிறகு வாய் ஓரமாய்க் கொஞ்சம் வழிந்து, பிள்ளை சிரித்துக்கொண்டு, எடையும் ஏறிக்கொண்டிருந்தால் அது எதுக்களிப்பு. அதற்குப் பயம் வேண்டாம். இந்த நோயில் கக்குவது வேறு தினுசு. நாளுக்கு நாள் கூடும், ஒவ்வொரு பால் வேளைக்கும் வரும், பீய்ச்சி அடிக்கும். வெளியே வருவது வெறும் பால் அல்லது திரிந்த பால், பித்தம் கலந்திருக்காது. சில நேரம் இரைப்பை புண்பட்டுக் காப்பித்தூள் நிறத்தில் ஏதாவது தெரியலாம். கக்கி முடித்ததும் பிள்ளை பசியால் துடிக்கும். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ உள்ள பிள்ளை பால் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பும். இந்தப் பிள்ளை மார்பைக் கண்டதும் பாயும். மலம் குறைந்து கெட்டியாகும். ஈரத் துணி மாற்றுகிற வேலை குறைந்துவிடும். "பரவாயில்லையே, துணி துவைக்கிற வேலை மிச்சம்" என்று யாராவது சொன்னால் அப்போதே விழித்துக்கொள்ள வேண்டும்.

கக்குவது பச்சையாக இருந்தால் அது வேறு கதை. அது குடலே முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். அதற்கு நாள் கணக்குக் கிடையாது, மணிக்கணக்குத்தான். பச்சையாய் ஒரு தடவை கக்கினாலும் போதும், இருட்டோ மழையோ பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வண்டி கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது 999.

பினாங்குக்குத் திரும்புவோம். என்ன நோய் என்று தெரிந்துவிட்டது, ஆனால் ஆபரேஷன் செய்யவில்லை! ஒரு நாள் போயிற்று, இரண்டாம் நாளும் போயிற்று. தண்ணீர்தான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தகப்பனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "தோட்டத்து ஆளுன்னா இளக்காரமா? பணம் இல்லேன்னு போட்டு வச்சிருக்காங்களா?" என்று சத்தம் போட்டான். பெரிய மிஸ்ஸி அவனை வராந்தாவில் உட்காரவைத்து விளக்கிச் சொன்னார். இன்றும் பல பெற்றோருக்கு இந்தச் சந்தேகம் வருகிறது. அதனால் இங்கே சொல்லிவிடுகிறோம்.

பிள்ளை கக்கும்போது பால் மட்டும் போவதில்லை. இரைப்பையில் சுரக்கும் அமிலமும் சேர்ந்து போகிறது. அது போகப் போக இரத்தத்தில் குளோரைடு என்ற உப்பு குறைந்து, இரத்தம் காரத்தன்மை அடைகிறது. பொட்டாசியமும் குறைகிறது. அந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் ஆபரேஷன் நன்றாய் நடந்தாலும் பிறகு பிள்ளை மூச்சு விட மறந்துவிடக்கூடும். ஆகவே, முதலில் உப்பும் குளுக்கோசும் சேர்ந்த நீரை நரம்பு வழியாகச் செலுத்துகிறார்கள். சிறுநீர் இறங்க ஆரம்பித்த பிறகு பொட்டாசியம் சேர்க்கிறார்கள். அவ்வப்போது இரத்தம் எடுத்துப் பார்த்து, எல்லாம் சமநிலைக்கு வந்த பின்தான் கத்தி. ஆபரேஷன் அவசரம் இல்லை, தண்ணீர்தான் அவசரம். சீக்கிரம் வந்த பிள்ளைக்கு ஒரு நாளுக்குள் சரியாகும், காய்ந்துபோய் வந்த பிள்ளைக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். நம் பையனுக்கு இரண்டு நாளுக்கு மேல் ஆனது. அந்தச் சம்பள நாள் ராத்திரியை நினைத்துக்கொண்டு நாமும் அதே வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தோம்.

ஆபரேஷன் என்றதும் குடலை வெட்டி ஒட்டுவார்களோ என்று பாட்டி நடுங்கினாள். அப்படி ஒன்றும் இல்லை. தடித்த தசையை மேலாக நீளவாக்கில் கீறி, இரு பக்கமும் விலக்கிவிடுவார்கள். உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வைத் தொடக்கூடாது. பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதே இல்லை: பட்டையைச் சீவலாம், மரத்தில் காயம் படக்கூடாது! தசை விலகியதும் இறுக்கம் விட்டுப்போய்ச் சவ்வு பிதுங்கி வழி திறந்துகொள்ளும். கீறிய தசையைத் தைப்பதும் இல்லை. அரை மணி நேர வேலை.

டென்மார்க் நாட்டு டாக்டர் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1887-இல் இந்த நோயைத் தெளிவாக எடுத்துச் சொன்னார். அதற்குப் பிறகும் பல காலம் குழந்தைகள் செத்துக்கொண்டுதான் இருந்தன. குடலை வெட்டி இணைக்கும் பெரிய ஆபரேஷனை அந்தப் பிஞ்சு உடம்புகள் தாங்கவில்லை. 1911-இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் கொன்ராட் ராம்ஸ்டெட் என்ற டாக்டர் தசையைக் கீறிவிட்டு மறுபடி தைக்கப் பார்த்தார். தையல் நிற்காமல் அறுத்துக்கொண்டு வந்தது. சரி என்று தைக்காமலே விட்டார், பிள்ளை பிழைத்துக்கொண்டது! அடுத்த ஆண்டு இன்னொரு குழந்தைக்கு வேண்டுமென்றே தைக்காமல் விட்டார். அன்றிலிருந்து இன்றுவரை உலகம் முழுக்க அதே முறைதான். இப்போது தொப்புள் பக்கம் சின்னத் துளை போட்டுக் கேமரா வைத்தும் செய்கிறார்கள். ஜப்பானில் 'அட்ரோபின்' மருந்து கொடுத்தே சில குழந்தைகளைக் குணப்படுத்துகிறார்கள். அதற்குப் பல நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், எல்லாருக்கும் பலிப்பதில்லை. அதனால் ஆபரேஷனைத்தான் பெரும்பாலும் நம்புகிறார்கள்.

கண்டுபிடிக்கும் முறைதான் நிறைய மாறியிருக்கிறது. ஸ்கேன் வைத்து இதைப் பார்க்கலாம் என்று அமெரிக்க டாக்டர்கள் எழுதியதே 1977-இல்தான். 1979-இல் நம் பையனுக்கு டாக்டரின் விரல்தான் ஸ்கேன். இப்போது வயிற்றில் களிம்பு தடவி, ஸ்கேன் கருவியை வைத்தால் தசையின் தடிப்பு மில்லிமீட்டர் கணக்கில் தெரிகிறது. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, வழியின் நீளம் 15 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் இதுதான். ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

இனி நம் பெரியவர்கள் கோபித்துக்கொண்டாலும் சில வார்த்தை. உரை மருந்து, ஓமத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் பச்சைப் பிள்ளைக்கு வேண்டாம். தேன் ஒரு வயது வரை ஆகவே ஆகாது. அடைபட்ட வயிற்றில் இன்னும் ஊற்றினால் இன்னும் கக்கும், அவ்வளவுதான். தொக்கம் எடுப்பது, வயிற்றை உருவுவது, குடல் தட்டுவது இவற்றால் தடித்த தசை இளகாது, நாள்தான் போகும். விபூதி போடுங்கள், வேண்டிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் செய்யுங்கள். இருமலுக்கும் சளிக்கும் மிச்சம் இருந்த மருந்தைப் பிஞ்சுப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. 'எரித்ரோமைசின்' என்ற மருந்தைப் பிறந்த முதல் இரண்டு வாரத்தில் கொடுத்தால் இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கிளினிக்கில் குழந்தைக்குக் கொடுக்கும் புத்தகத்தைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். அதில் எழுதுகிற எடைதான் சாட்சி. ஒரு மாதத்தில் ஏற வேண்டிய எடை ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ, பிள்ளை கக்குகிறது என்பதையும் சேர்த்து மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். ஒரு தடவை மருந்து கொடுத்து அனுப்பி, மறுநாளும் அப்படியே கக்கினால், மறுநாளே திரும்பிப் போங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. 2023 ஜனவரியிலிருந்து சட்டப்படி பிரசவ விடுமுறை 98 நாள் ஆகியிருக்கிறது. முன்பு 60 நாள்தான். தகப்பனுக்கும் ஏழு நாள் உண்டு. இந்த நோய் வருகிற வாரங்களில் தாய் வீட்டில்தான் இருக்கிறாள். வேலைக்காட்டுக்குப் போய்விட்டு ஆயாக்கொட்டகைக்காரி சொல்லித் தெரிந்துகொள்கிற நிலைமை இப்போது இல்லை.

அந்த ஞாயிறு இரவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மோட்டார் சைக்கிளில் போனவர் சம்பந்தியோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருந்ததாம். "உங்க வயித்துத் தழும்பைக் காட்டிப் பிள்ளையை அறுக்கச் சொல்றீங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டாராம். மகளே எழுந்து பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு, "நான் போறேம்ப்பா, வண்டி புடிங்க" என்றதும் பேச்சு நின்றது. இரவு பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி. தாத்தா தம் கதையைச் சொன்னதும் டாக்டர் தழும்பைப் பார்த்தாராம். விடிந்ததும் ஸ்கேன். தசை நாலரை மில்லிமீட்டர். இரத்தத்தில் உப்பு கொஞ்சந்தான் குறைந்திருந்தது. ஒரு நாள் தண்ணீர் ஏற்றி, செவ்வாய்க்கிழமை காலை ஆபரேஷன். சாயங்காலமே பால் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

முதல் பாலைக் குடித்துவிட்டுப் பிள்ளை மறுபடி கொஞ்சம் கக்கியதும் எல்லாருக்கும் உயிர் போய்விட்டது. இரைப்பை வீங்கியிருப்பதால் இரண்டு மூன்று நாள் அப்படி இருக்கும், பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள் என்று மிஸ்ஸி சொன்னார். வியாழக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

போன வாரம் நாம் போய்ப் பார்த்தோம். தாய் மடியில் படுத்துச் சத்தம் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தான். தொப்புளுக்கு மேலே நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு. தாத்தா ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து நம் கையில் கொடுத்தார். "அந்த நோய்ப் பேரை இதுல எழுதிக் கொடுங்கய்யா. எனக்கு வந்த வருசம், இவனுக்கு வந்த தேதி, எங்க பெரியப்பா ஒருத்தரு பச்சைப் பிள்ளையில போனாருன்னு பாட்டி சொன்னது, எல்லாத்தையும் எழுதுங்க. எனக்குப் பின்னால யாரும் வந்து யார் வீட்டு வாசல்லயும் சட்டையத் தூக்கிக் காட்டிக்கிட்டு நிக்க வேணாம்."

எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.